கர்னல் சிஐ சிவப்பானால் எங்கிருந்து தொடங்குவது? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

வலைச் செயலி ஒன்றின் சிஐ (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்ட் செய்து சோதிக்கும் அமைப்பு) உடைந்தால் பெரும்பாலும் கோடுதான், அதாவது எழுதிய நிரல்தான், காரணமாக இருக்கும். லினக்ஸ் கர்னல், யு-பூட் (போர்டில் கர்னலை ஏற்றும் பூட்லோடர்), ஃபர்ம்வேர் என்று கீழ்மட்டத்துக்கு இறங்கினால் அந்தக் கணக்கு செல்லாது. கம்பைலர் பதிப்பு மாறியிருக்கலாம், ரன்னரில் (ஜாபை ஓட்டும் மெஷினில்) ரேம் தீர்ந்திருக்கலாம், போர்டுக்குப் போகும் மின்சாரம் அரை வோல்ட் குறைந்திருக்கலாம், சீரியல் அடாப்டர் வேறு பெயரில் ஏறியிருக்கலாம். திரையில் எல்லாமே ஒரே சிவப்பு வட்டம்தான்.

ஜென்கின்ஸ், கிட்லேப் ரன்னர், பில்ட்பாட் என எதை வைத்திருந்தாலும் கீழே உள்ளவை பொருந்தும். கர்னலையும் யு-பூட்டையும் பில்ட் செய்து, கியூஇமு என்ற எமுலேட்டரிலும் சில நிஜ போர்டுகளிலும் பூட் செய்து டெஸ்ட் ஓட்டும் அமைப்பு உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ரீரன் பொத்தானை அழுத்தும் முன்

மறுபடி ஓட்டினால் பாஸ் ஆகிவிடும், பிரச்சினை போன மாதிரி இருக்கும், தடயமும் அதோடு போய்விடும். அதனால் முதலில் மூன்றை எடுத்து வைத்துவிடுங்கள்: ஜாபின் முழு லாக், அந்த நேரத்து ஹோஸ்ட் மெஷினின் டிமெசேஜ் (கர்னலின் செய்திப் பதிவு), கடைசியாகப் பயன்பட்ட கர்னல் கான்ஃபிக் கோப்பு. போர்டு ஜாப் என்றால் சீரியல் லாக்கில் ஒவ்வொரு வரிக்கும் நேரமுத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள். "எங்கே நின்றது" என்பதோடு "எவ்வளவு நேரம் நின்றது" என்பதும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அப்புறம் லாக்கின் கடைசி வரியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: விழுந்தது பில்ட் மெஷினா, போர்டுக்குப் போகும் வழியா (மின்சாரம், சீரியல், நெட்வொர்க்), இல்லை சோதிக்கப்படும் கோடா? போர்டுகளில் டெஸ்ட் ஓட்டும் லாவா என்ற அமைப்பு இந்தப் பிரிவினையைத் தன் முடிவுகளிலேயே வைத்திருக்கிறது. இன்ஃப்ராஸ்ட்ரக்சர் எரர் வேறு, ஜாப் எரர் வேறு, டெஸ்ட் எரர் வேறு. நீங்களே எழுதிய ஸ்கிரிப்டுகள் என்றாலும் இந்த மூன்றுக்கும் தனித்தனி எக்சிட் கோடு கொடுப்பது கட்டாயம் என்பேன். கேபிள் ஆடியதற்கெல்லாம் டெவலப்பருக்கு மெயில் போய்க்கொண்டிருந்தால், நிஜமான ரிக்ரெஷன் (முன்பு ஓடியது உடைவது) வரும் நாளில் அந்த மெயிலை யாரும் திறக்க மாட்டார்கள்.

பில்ட் நடுவில் செத்துப்போகிறது, கோடில் பிழை எதுவும் காட்டவில்லை

ஜிசிசி "ஃபேட்டல் எரர்: கில்ட் சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1" என்கிறதா? அல்லது கன்டெய்னர் 137 என்ற எக்சிட் கோடுடன் வெளியேறியதா? 137 என்பது 128-உம் 9-உம் சேர்ந்தது. 9 என்றால் சிக்கில், அதாவது யாரோ வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். ஹோஸ்ட்டின் டிமெசேஜில் "அவுட் ஆஃப் மெமரி" என்று தேடினால் கொன்றவர் பெயர் கிடைக்கும். பெரும்பாலும் ஓஓஎம் கில்லர்தான், அதாவது ரேம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கர்னல் பகுதி.

அடுத்த கேள்வி, ரேம் எங்கே போனது? வழக்கமான காரணம், பில்டை நடத்தும் மேக் கட்டளைக்குக் கொடுக்கும் ஜே எண் (ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்பது). கன்டெய்னருக்கு 4 கோர் என்று சிபியு கோட்டா வைத்திருப்போம். உள்ளே ஓடும், கோர்களை எண்ணும் என்ப்ராக் கட்டளை பல பதிப்புகளில் அந்தக் கோட்டாவைப் பார்ப்பதே இல்லை. ஹோஸ்ட்டில் இருக்கும் 64 கோரையும் எண்ணிச் சொல்லிவிடும். 64 கம்பைலர்கள் ஒரே நேரத்தில் கிளம்பி 8 ஜிபி வரம்பை முட்டும். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு எளியது: கோர்களின் எண்ணிக்கை, ஜிபியில் ரேமை 2-ஆல் வகுத்தால் வருவது, இரண்டில் சிறியதுதான் ஜே எண்.

ஜே எண்ணைக் குறைத்த பின்னும் சரியாகக் கடைசியில், விஎம்லினக்ஸ் (முழு கர்னல் கோப்பு) லிங்க் ஆகும் இடத்தில் மட்டும் சாகிறது என்றால் டீபக் தகவலைச் சந்தேகியுங்கள். பிடிஎஃப் (கர்னலின் வகைத் தகவல்) உருவாக்க பாஹோல் என்ற கருவி ஓடும்போதும், கிளாங் கம்பைலரின் முழு எல்டிஓ (லிங்க் நேரத்து மேம்படுத்தல்) ஓடும்போதும் ஒரே ப்ராசஸ் பெரிய நினைவகத்தை வாங்கும். அங்கே ஜே எண் உதவாது. அந்த ஜாபை மட்டும் பெரிய ரன்னருக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் அந்த கான்ஃபிக்கில் டீபக் தகவலை அணையுங்கள். ரன்னரில் டெம்ப் அடைவு டெம்ப்எஃப்எஸ்ஸாக இருந்தால் அதில் எழுதும் ஒவ்வொரு கோப்பும் ரேமில்தான் உட்கார்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

"நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" வருகிறது, டிஎஃப் பார்த்தால் இடம் இருக்கிறது என்றால் டிஎஃப் கட்டளையை ஐ விருப்பத்துடன் ஓட்டுங்கள். ஐநோடு (கோப்புக்கு ஒன்றாக ஒதுக்கப்படும் பதிவு) தீர்ந்திருக்கும். பல கர்னல் ட்ரீகளை அழிக்காமல் வைத்திருக்கும் ரன்னர்களில் இது சகஜம்.

என் மெஷினில் ஓடுகிறது, சிஐயில் மட்டும் உடைகிறது

இதில் டெவலப்பர் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. அவரையே கிட் வொர்க்ட்ரீ ஒன்றைப் புதிதாக எடுத்து அதில் பில்ட் செய்யச் சொல்லுங்கள். கமிட் செய்ய மறந்த ஹெடர், பழைய பில்டில் உருவாகி அப்படியே கிடக்கும் கோப்பு எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அங்கேயும் ஓடுகிறதென்றால் கான்ஃபிக்கை ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே டெஃப்கான்ஃபிக்கில் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஆனால் கேகான்ஃபிக் (கர்னலின் கான்ஃபிக் கருவி) கம்பைலரிடம் "உனக்கு இந்த வசதி உண்டா" என்று கேட்டுக்கேட்டுத்தான் தேர்வுகளை முடிவு செய்கிறது. ஜிசிசி பதிப்பு மாறினாலே இறுதி கான்ஃபிக் மாறும். கர்னல் சோர்ஸின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் டிஃப்கான்ஃபிக் என்ற சின்ன ஸ்கிரிப்ட் இருக்கிறது. இரண்டு இறுதி கான்ஃபிக்கையும் அதற்குக் கொடுத்தால் வித்தியாசத்தை மட்டும் துப்பும்.

கம்பைலர் பதிப்பு மாற்றத்தின் இன்னொரு முகம், நேற்றுவரை வெறும் எச்சரிக்கையாகக்கூட இல்லாதது இன்று பிழையாக நிற்பது. 2021-ல் 5.15 கர்னலில் வெர்ரர் என்ற கான்ஃபிக் தேர்வு வந்தது. எச்சரிக்கை அனைத்தையும் பிழையாக்கும் தேர்வு அது. ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்ததையெல்லாம் மாட்யூலாக இயக்கும்) பில்டுகளில் அது தானாகவே இயங்கும். சிஐ இமேஜில் ஜிசிசி ஒரு பெரிய பதிப்பு ஏறினால் புதிய எச்சரிக்கைகள் கூடவே வரும், சம்பந்தமே இல்லாத பேட்ச் எல்லாம் சிவப்பாகும். வெர்ரரை அணைத்துவிடலாம்தான். நான் அணைக்க மாட்டேன். டூல்செயின் பதிப்பை இமேஜில் பூட்டிவைத்து, புதிய பதிப்பைத் தனி ஜாபாக, யாரையும் தடுக்காத ஜாபாக ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுவதே மேல்.

இன்னும் சில, சுருக்கமாக. லாக்கின் கடைசி வரி ஒரு கான்ஃபிக் கேள்வியாக நின்று "நியூ" என்று முடிந்தால், புதிய தேர்வு ஒன்றுக்குப் பதில் கேட்டுக் காத்திருக்கிறது. பில்டுக்கு முன் ஓல்டுடெஃப்கான்ஃபிக் (புதிய தேர்வுகளுக்கு இயல்பு மதிப்பை இடுவது) ஓட்டவில்லை என்று பொருள். பதிப்பு எண் விசித்திரமாக வருகிறதென்றால் சிஐ ஷாலோ க்ளோன் (பழைய வரலாறு இல்லாத நகல்) எடுக்கிறது, டேக் எதுவும் இல்லை, கிட் டிஸ்க்ரைப் தடுமாறுகிறது. மேக்புக்கில் க்ளோன் செய்தவுடனேயே கிட் சில கோப்புகளை மாறியதாகக் காட்டுகிறதென்றால், நெட்ஃபில்டர் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மட்டும் வேறுபடும் ஹெடர் பெயர்கள் இருப்பதுதான் காரணம். மேக்புக்கின் இயல்பான கோப்பு அமைப்பு அவற்றை ஒன்றாகப் பார்க்கும்.

எப்போதாவது ஒருமுறை பில்ட் உடைகிறது, ரீரன் செய்தால் ஓடுகிறது

உருவாக்கப்படும் ஹெடர் ஒன்றைக் காணவில்லை என்று அவ்வப்போது வருகிறதா? மேக்ஃபைலில் ஒரு சார்பு விட்டுப்போயிருக்கிறது. ஜே 1 என்று ஓட்டினால் வரிசை தற்செயலாகச் சரியாக அமையும், 32 என்று ஓட்டினால் சில நேரம் தவறும். இதைப் பிடிக்க முன்பெல்லாம் அதிர்ஷ்டம் வேண்டும். 2022-ல் வந்த குனு மேக் 4.4-ல் ஷஃபிள் என்ற விருப்பம் சேர்ந்தது. அது இலக்குகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து ஓட்டும். உடைந்தால் பிழை வரியிலேயே அந்த ஷஃபிள் எண்ணையும் அச்சிடும். அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை வரும். இரவு நேர ஜாப் ஒன்றில் இதைப் போட்டுவைத்தால், பகலில் டெவலப்பர்களை அலைக்கழிக்கும் முன் சார்புப் பிழைகள் தாமாகவே மேலே வரும்.

சிசிகேஷ் வைத்தும் வேகமே இல்லை

சிசிகேஷ் என்பது முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்துத் திரும்பக் கொடுக்கும் கருவி. அதன் புள்ளிவிவரத்தைப் பாருங்கள். ஹிட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மூன்று சந்தேகம். ஒன்று, ஒவ்வொரு ஜாபும் வெவ்வேறு அடைவில் செக்அவுட் ஆகிறது. டீபக் தகவலோடு பில்ட் செய்யும்போது அடைவின் பாதையும் ஹேஷில் சேரும். எப்போதும் ஒரே பாதையில் பில்ட் செய்வதுதான் எளிய தீர்வு. இரண்டு, கன்டெய்னர் இமேஜைத் தினமும் புதிதாகக் கட்டுகிறீர்கள். சிசிகேஷ் இயல்பாகக் கம்பைலர் கோப்பின் மாற்ற நேரத்தைப் பார்க்கும், இமேஜ் புதிதானால் கம்பைலரும் புதிது என்று நினைக்கும். கம்பைலர் செக் அமைப்பைக் கான்டென்ட் என்று மாற்றுங்கள். மூன்று, இயல்பான அளவு வரம்பு 5 ஜிபிதான். நாலைந்து கட்டமைப்புகளுக்கு ஆல்மாட்கான்ஃபிக் ஓட்டினால் ஒன்று மற்றொன்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

பில்ட் தேதியைப் பைனரிக்குள் புகுத்தும் ஃபர்ம்வேர்களுக்கு சோர்ஸ் டேட் எபோக் மாறியைக் கமிட்டின் தேதிக்கு நிறுத்திவைத்தால் கேஷும் பிழைக்கும், ஒரே கமிட்டிலிருந்து ஒரே பைனரியும் கிடைக்கும்.

கியூஇமு எதுவும் சொல்லாமல் டைம்அவுட் ஆகிறது

ஒரு வரிகூட வரவில்லை என்றால் கர்னல் பூட் ஆகியிருக்கலாம், பேசும் இடம் மட்டும் தவறாக இருக்கலாம். எக்ஸ்86-ல் கன்சோல் டிடிஒய்எஸ்0. ஆர்மின் விர்ட் மெஷினில் டிடிஒய்ஏஎம்ஏ0. கட்டளை வரியில் எர்லிகான் (பூட்டின் தொடக்கத்திலேயே பேசும் கன்சோல்) சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மௌனம் என்றால்தான் பூட்டே ஆகவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாதி பூட் ஆகி பேனிக் ஆன (கர்னல் மீள முடியாமல் விழுந்த) பின் தொங்குகிறது, 30 நிமிடம் கழித்து டைம்அவுட் என்று மட்டும் வருகிறது என்றால் கர்னலுக்கு பேனிக் மதிப்பை மைனஸ் 1 என்றும், கியூஇமுவுக்கு நோ-ரீபூட் என்றும் கொடுங்கள். பேனிக் ஆன உடனே கர்னல் ரீபூட் கேட்கும், கியூஇமு ரீபூட் செய்யாமல் வெளியேறும், ஜாப் சில விநாடிகளில் முடியும். இது ஒன்றே எத்தனையோ ரன்னர் மணிகளை மிச்சம் பிடிக்கும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் திடீரென்று பத்து மடங்கு மெதுவாகிவிட்டது என்றால் கேவிஎம் (வன்பொருளின் உதவியோடு விஎம்மை ஓட்டும் வசதி) கிடைக்கவில்லை. கிளவுட் மெஷினில் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கும், இல்லை ரன்னர் பயனருக்கு கேவிஎம் கோப்பைத் திறக்க அனுமதி இருக்காது. கியூஇமுவை "கேவிஎம், இல்லாவிட்டால் டிசிஜி" என்று அமைத்திருந்தால் அது சத்தமில்லாமல் டிசிஜிக்கு, அதாவது மென்பொருளிலேயே ஓடும் மெதுவான வழிக்கு, இறங்கிவிடும். சிஐயில் இந்த மாற்றுவழி வேண்டாம். கேவிஎம் மட்டும் என்று கொடுத்து, இல்லையென்றால் உடனே உடையட்டும்.

பேர்-மெட்டல் (ஓஎஸ் இல்லாமல் ஓடும்) கோடைச் சோதிக்க ஐஎஸ்ஏ-டீபக்-எக்சிட் சாதனத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் எழுதும் மதிப்பை இரட்டித்து 1 கூட்டித்தான் கியூஇமு வெளியேறும். எக்சிட் கோடு ஒருபோதும் 0 வராது. பதினாறு எழுதினால் 33. வெற்றிக்கு ஓர் ஒற்றைப்படை எண்ணை வைத்து ஸ்கிரிப்டில் அதை 0 ஆக்குங்கள்.

ஆர்சியு ஸ்டால், சாஃப்ட் லாக்அப் என்று கர்னல் புலம்புகிறது

ஒரு சிபியு நீண்ட நேரம் முன்னேறாமல் மாட்டிக்கொண்டது என்பதே இந்தச் செய்திகளின் பொருள். நிஜ வன்பொருளில் இந்தச் செய்தி வந்தால் உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான். விஎம்மில் வந்தால் முதலில் ஹோஸ்ட்டின் சுமையைப் பாருங்கள். ஆர்சியு ஸ்டாலுக்கு இயல்பான வரம்பு 21 விநாடி, சாஃப்ட் லாக்அப்புக்கு 20 விநாடி. 16 கோர் மெஷினில் நாலு நாலு விசிபியுவுடன் (விர்ச்சுவல் சிபியு) பத்து கெஸ்ட்களை ஏற்றி, பக்கத்திலேயே கர்னல் பில்டும் ஓடினால் ஏதாவது ஒரு விசிபியு அத்தனை நேரம் பட்டினி கிடப்பது நடக்கக்கூடியதே. கெஸ்ட்டுக்குத் தன் நேரம் திருடப்பட்டது தெரியாது, தன் கோடு மாட்டிக்கொண்டது என்று நினைக்கும். பில்ட் ரன்னரையும் டெஸ்ட் ரன்னரையும் பிரிப்பது இதற்கான மருந்து.

இன்னொரு காரணம் சீரியல் கன்சோலே. 115200 பாட் என்றால் விநாடிக்குச் சுமார் 11.5 கேபி. 1 எம்பி லாக் வெளியேற ஒன்றரை நிமிடம் ஆகும். டீபக் செய்திகள் அனைத்தையும் திறந்துவிட்டால் நிஜ போர்டில் அச்சிடும் வேலையே சிபியுவைப் பிடித்துவைத்து லாக்அப் எச்சரிக்கையைக் கிளப்பும். லாக்லெவலைக் குறைத்து ஓட்டிப் பார்த்து, எச்சரிக்கை போனால் சங்கதி அதுதான்.

போர்டு யு-பூட் ப்ராம்ப்டிலேயே நின்றுவிடுகிறது

போர்டு ரேக் வைத்திருப்பவர்கள் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். சீரியல் லாக் இப்படி இருக்கும்: "ஹிட் எனி கீ டு ஸ்டாப் ஆட்டோபூட்" என்று எண்ணத் தொடங்கும், எண்ணி முடிக்கும் முன் ப்ராம்ப்ட் வந்துவிடும். யாரோ விசையை அழுத்தியிருக்கிறார்கள். யார்?

ப்ராம்ப்டுக்குக் கீழே "அன்னோன் கமாண்ட் 'ஏடி'" என்று யு-பூட் முறைத்திருந்தால் ஆள் மாட்டிக்கொண்டார்: ஹோஸ்ட்டில் ஓடும் மோடம்மேனேஜர். யுஎஸ்பி சீரியல் அடாப்டர் எதைப் பார்த்தாலும் மோடமாக இருக்குமோ என்று ஏடி கட்டளை அனுப்பிப் பார்க்கும் வழக்கம் அதற்கு உண்டு. லேப் மெஷினில் மோடத்துக்கு வேலை இல்லை, அதை நீக்கிவிடுங்கள்.

"அன்னோன் கமாண்ட்" என்ற பிறகு வருவது "லாகின்" போன்ற சொல்லாக இருந்தால் ஹோஸ்ட் பக்கத்திலும் அதே போர்ட்டில் கெட்டி என்ற, லாகின் கேட்கும் நிரல் ஓடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று லாகின் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பொருளில்லாத குப்பை எழுத்துகள் என்றால் போர்டின் ஆர்எக்ஸ் கம்பி (தரவு வாங்கும் கம்பி) மிதக்கிறது. அடாப்டர் சொருகப்படாமல் இருந்தாலோ தொடர்பு ஆடினாலோ கம்பியில் வரும் இரைச்சலை யு-பூட் விசையழுத்தமாக எடுத்துக்கொள்ளும். ஆர்எக்ஸுக்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போடுங்கள், அல்லது யு-பூட்டை ஆட்டோபூட் கீட் தேர்வுடன் பில்ட் செய்து, குறிப்பிட்ட ஒரு சொல்லை அடித்தால் மட்டுமே நிற்கும்படி மாற்றுங்கள். இரண்டாவது வழி மேலே சொன்ன எல்லா ஆட்களையும் ஒரே அடியில் வெளியே நிறுத்தும்.

சீரியலில் இன்னொரு பழைய தொல்லை: ஹோஸ்ட் ரீபூட் ஆனதும் பழைய டிடிஒய்யுஎஸ்பி0 இப்போது 1 ஆகிவிடும். பீகிள்போன் ஜாப் ராஸ்பெர்ரி பையின் கன்சோலைப் படித்துக்கொண்டிருக்கும். பை-ஐடி பாதையை (அடாப்டரின் சீரியல் எண்ணை வைத்த பெயர்) பயன்படுத்துங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ மொத்தமாக வாங்கும் மலிவு அடாப்டர்களில் அது உதவாது. சிபி2102 பலவற்றில் சீரியல் எண் 0001 என்றே இருக்கும், சிஎச்340-ல் எண்ணே இருக்காது. அதனால் பை-பாத் பாதையை (சொருகிய இடத்தை வைத்த பெயர்) வைத்து, எந்த ஹப்பின் எந்தப் போர்ட் எந்த போர்டு என்று யுடெவுக்கு (சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் நிரல்) விதி எழுதி, ஹப்பின் மேல் மார்க்கரால் எழுதியும் வைத்துவிடுங்கள். மார்க்கர் முக்கியம். சுத்தம் செய்ய வந்தவர் கேபிளைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினால் யுடெவுக்குத் தெரியாது.

பவர் அணைத்துப் போட்டும் போர்டு சரியாக ரீசெட் ஆகவில்லை

ரிலே "டிக்" என்று சத்தம் போடுகிறது, ஸ்கிரிப்ட் பவர் அணைந்தது என்கிறது, போர்டு மட்டும் பழைய நிலையிலேயே இருக்கிறது, அல்லது அரைகுறையாக எழுகிறது. போர்டின் எல்இடியைப் பாருங்கள், மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். சீரியல் அடாப்டரின் டிஎக்ஸ் கம்பி (தரவு அனுப்பும் கம்பி) 3.3 வோல்டில் நிற்கிறது. முதன்மை மின்சாரம் போன பின் அந்தக் கம்பி வழியாகச் சிப்பின் பாதுகாப்பு டையோடுகளைத் தாண்டி மின்சாரம் உள்ளே கசிகிறது. சிப் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. எச்டிஎம்ஐ கேபிளும் யுஎஸ்பி கேபிளும் இதையே செய்யும்.

அணைத்த பிறகு 10 விநாடி காத்திருந்து பார்ப்பது முதல் முயற்சி. கெப்பாசிட்டர்கள் வடிந்தால் போதும் என்ற நிலைகளில் அதுவே சரி செய்யும். கசிவு என்றால் எவ்வளவு காத்திருந்தாலும் பயனில்லை. டிஎக்ஸ் கம்பியில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டுப் பாருங்கள், அல்லது ஐசொலேட்டர் வைத்த அடாப்டர் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் அந்தப் பேய்க்கதைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி.

யுஎஸ்பி ஹப் வழியாகப் பவர் கட்டுப்படுத்துபவர்கள் யுஹப்சிடிஎல் "ஆஃப்" என்று சொல்வதை நம்பி விட்டுவிடக் கூடாது. பல ஹப்கள் கட்டளையை ஏற்றுக்கொள்ளும், 5 வோல்டைத் துண்டிக்காது. மல்டிமீட்டர் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ராஸ்பெர்ரி பையில் எங்கெங்கோ தற்செயலாக உடைகிறதென்றால் டிமெசேஜில் "அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்" இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். 4.63 வோல்டுக்குக் கீழே இறங்கினால் அது அலறும். மெலிந்த யுஎஸ்பி கேபிள்தான் வழக்கமான குற்றவாளி. இந்த வரி இருக்கும் லாக்கை டெஸ்ட் தோல்வியாக எண்ணவே வேண்டாம், இன்ஃப்ரா தோல்வியாகத் தள்ளுங்கள்.

டிஎஃப்டிபியில் டி டி டி என்று வரிசையாக வருகிறது

டிஎஃப்டிபி என்பது யு-பூட் நெட்வொர்க் வழியாக கர்னலை இறக்கும் முறை. அதில் ஒவ்வொரு டியும் ஒரு டைம்அவுட். ஒரே போர்டில் எப்போதும் வந்தால் கேபிள் அல்லது சுவிட்ச் போர்ட். இரண்டு போர்டுகள் சேர்ந்து ஓடும்போது மட்டும் வந்தால் போர்டின் நெட்வொர்க் மேக் முகவரியைப் பாருங்கள். ஒரு எஸ்டி கார்டைத் தயார் செய்து அதையே நகலெடுத்து எல்லா போர்டுக்கும் போட்டிருந்தால், சேமிக்கப்பட்ட யு-பூட் என்விரான்மென்டில் உள்ள ஈத்ஆட்ரும் (அந்த மேக் முகவரி) நகலாகியிருக்கும். சுவிட்ச் ஒரே முகவரியை இரண்டு போர்ட்டில் பார்த்துக் குழம்பும்.

போர்டில் சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று டவுன்லோட் தோற்றால் நெட்வொர்க்கை நோண்ட வேண்டாம். ஆர்டிசி (கடிகாரச் சிப்) இல்லாத போர்டு 1970-ல் வாழ்ந்துகொண்டிருக்கும். நேரத்தை ஒத்திசைத்த பிறகு டெஸ்டைத் தொடங்குங்கள்.

எல்லாம் பச்சை, ஆனால் பிழை வெளியே போய்விட்டது

சிவப்பை எல்லோரும் துரத்துவார்கள். பச்சையை யாரும் சந்தேகப்படுவதில்லை. கீழ்மட்ட சிஐயில் பொய்ப் பச்சைக்கு வழிகள் ஏராளம், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

முதலாவது, பைப். மேக்கின் வெளியீட்டை டீ கட்டளைக்குத் திருப்பி லாக்கில் சேமிக்கிறீர்கள். பேஷ் இயல்பாகக் கடைசிக் கட்டளையின் எக்சிட் கோடைத்தான் திருப்பும். மேக் தோற்றாலும் டீ வெற்றிதான். ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் (பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்னும் அமைப்பு) இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

இரண்டாவது, தவறான கர்னல். புதிய இமேஜ் டிஎஃப்டிபியில் இறங்கவில்லை. யு-பூட் அடுத்த பூட் வழிக்குப் போய் கார்டில் கிடந்த பழைய கர்னலை ஏற்றிவிட்டது. அது நல்ல கர்னல், எல்லா டெஸ்டும் பாஸ். மாதக்கணக்கில் ஒரே கர்னலைச் சோதித்துக்கொண்டிருக்க இது போதும். லோக்கல்வெர்ஷனில் (கர்னல் பதிப்பு எண்ணின் பின்னொட்டு) கமிட் ஹேஷைச் சேர்த்து பில்ட் செய்து, போர்டு எழுந்ததும் யுநேம் கட்டளை சொல்வதை அதோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையென்றால் டெஸ்டே ஓடக் கூடாது. சிஐ போர்டுகளில் யு-பூட்டின் மாற்று பூட் வழிகளை முழுவதும் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

மூன்றாவது, ஸ்கிப். கர்னலுடன் வரும் கேசெல்ஃப்டெஸ்ட் தொகுப்பில் ஸ்கிப்புக்கு (ஓட்டாமல் விடுவதற்கு) எக்சிட் கோடு 4. முடிவை வரிவரியாக எழுதும் டேப் வடிவத்தில் பார்த்தால் "ஓகே" என்றே வரி தொடங்கும், கடைசியில் ஸ்கிப் என்ற குறிப்பு இருக்கும். "நாட் ஓகே" வரிகளை மட்டும் தேடும் பார்சருக்கு இது பாஸ்தான். கான்ஃபிக் தேர்வு ஒன்று அணைந்துபோனால் ஒரு முழு டெஸ்ட் தொகுப்பும் ஸ்கிப்பாக மாறி, வட்டம் பச்சையாகவே இருக்கும். ஓடிய டெஸ்ட்களின் எண்ணிக்கையைச் சேமித்துவையுங்கள். நேற்றைவிடக் குறைந்தால் சிவப்பு. பூஜ்யம் என்றால் கண்டிப்பாகச் சிவப்பு.

நான்காவது, கர்னல் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. டெஸ்ட் பாஸ், ஆனால் டிமெசேஜில் வார்னிங் ஸ்டாக் ட்ரேஸ் கிடக்கிறது. டெஸ்டுக்கு முன்னும் பின்னும் டெய்ன்டட் எண்ணை (கர்னலில் என்னென்ன நடந்தது என்று பிட் பிட்டாகக் காட்டும் எண்) படியுங்கள். 512 சேர்ந்திருந்தால் வார்னிங் வந்திருக்கிறது. 128 என்றால் ஊப்ஸ், அதாவது கர்னலுக்குள்ளேயே கோளாறு. எண் 0 ஆகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க முடியாது, ஏனென்றால் கேயூனிட் (கர்னலின் யூனிட் டெஸ்ட் முறை) ஓடினாலே 262144 சேர்ந்துவிடும். குறிப்பிட்ட பிட்களை மட்டும் பாருங்கள்.

இதோடு ஒட்டிய விஷயம் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் இயல்பாக முதல் பிழையை மட்டும் அறிக்கை செய்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். லாக் பயன்பாட்டுப் பிழைகளைப் பிடிக்கும் லாக்டெப்பும் அப்படித்தான், முதல் புகாருக்குப் பின் தன்னையே அணைத்துக்கொள்ளும். பூட் ஆகும்போதே ஏதோ ஒரு டிரைவர் ஒரு புகாரைக் கிளப்பிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் ஓட்டும் நூற்றுக்கணக்கான டெஸ்ட்களுக்குக் காவலே இல்லை. "அந்த டிரைவர் புகார் பழையது, விட்டுவிடலாம்" என்று ஒதுக்கும் பட்டியலில் சேர்ப்பது இங்கே ஆபத்து. கேசானுக்கு மல்டிஷாட் தேர்வைக் கொடுக்கலாம். லாக்டெப் புகார் என்றால் அந்த டிரைவரை கான்ஃபிக்கிலிருந்து எடுத்தாவது பூட்டைச் சுத்தமாக்குங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு, டெஸ்ட் பாஸ் ஆகியும் சிவப்பு. முடிவு வரியும் கர்னலின் சொந்தச் செய்தியும் ஒரே சீரியலில் வருவதால் "ஓகே" என்ற வரியின் நடுவே ஒரு யுஎஸ்பி செய்தி புகுந்துவிடும், பார்சர் கண்டுகொள்ளாது. டெஸ்ட் ஓடும்போது கன்சோலின் லாக்லெவலைக் குறையுங்கள், முடிந்தால் முடிவை எஸ்எஸ்எச் வழியாக எடுங்கள்.

எப்போதாவது விழும் டெஸ்டை பைசெக்ட் செய்தால் தவறான கமிட் வருகிறது

பைசெக்ட் என்பது கமிட்களைப் பாதி பாதியாகக் குறைத்துக் கெட்ட கமிட்டைத் தேடும் வழி. பத்து முறைக்கு ஒருமுறை விழும் டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கமிட்டில் ஒருமுறை ஓட்டி, பாஸ் என்றதும் "குட்" என்று குறித்தால் பைசெக்ட் உங்களை ஊர் சுற்ற விட்டுவிடும். கெட்ட கமிட்டும் தொடர்ந்து 28 முறை பாஸ் ஆக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் வாய்ப்பு இருக்கிறது. 29-ல்தான் 5-க்குக் கீழே இறங்குகிறது. 1 சதவீதத்துக்குக் கீழே வேண்டுமென்றால் 44 முறை. அவ்வளவு நேரமில்லையென்றால் விழும் விகிதத்தை முதலில் ஏற்றுங்கள். விசிபியுவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், கேசானையும் ப்ரீஎம்ப்ஷனையும் இயக்கிப் பாருங்கள், ஹோஸ்ட்டில் சுமை ஏற்றிப் பாருங்கள். பத்தில் ஐந்து என்று ஆகிவிட்டால் ஏழு ஓட்டம் போதும்.

அடுத்தது எக்சிட் கோடுகள். கிட் பைசெக்ட் ரன் 0-ஐ நல்லது என்றும், 125-ஐச் சோதிக்க முடியவில்லை என்றும், 1 முதல் 127 வரை மற்ற எல்லாவற்றையும் கெட்டது என்றும் எடுத்துக்கொள்ளும். 127-ஐத் தாண்டினால் பைசெக்டையே நிறுத்திவிடும். இப்போது டைம்அவுட் கட்டளையை நினைத்துப் பாருங்கள். நேரம் முடிந்தால் அது திருப்புவது 124. அதாவது போர்டு எழவில்லை, கேபிள் ஆடியது, டிஎஃப்டிபி தொங்கியது எல்லாமே "இந்தக் கமிட் கெட்டது" என்று பதிவாகும். பில்ட் உடைந்தாலும் அப்படியே, மேக் திருப்பும் 2 கெட்டதில் சேரும். பில்ட் தோல்விக்கும் இன்ஃப்ரா தோல்விக்கும் 125 திருப்பும் ஓர் உறை ஸ்கிரிப்ட் இல்லாமல் பைசெக்ட் ஓட்டாதீர்கள். தொங்குவதே நீங்கள் தேடும் பிழை என்றால் மட்டும் 124-ஐ அப்படியே விடலாம், அப்போதும் யு-பூட்டைத் தாண்டி கர்னல் முதல் வரி அச்சிட்டதா என்று பார்த்துவிட்டு.

கடைசியாக கான்ஃபிக். பழைய கமிட்டுக்குப் போகும்போது ஓல்டுடெஃப்கான்ஃபிக் அந்த மரத்தில் இல்லாத தேர்வுகளைச் சத்தமில்லாமல் எடுத்துவிடும். இடையில் பெயர் மாறிய தேர்வுகளும் அப்படியே காணாமல் போகும். பிழையைத் தூண்டும் தேர்வு அதில் ஒன்றாக இருந்தால், அதற்கு முந்தைய எல்லாக் கமிட்டும் "குட்" ஆகி, பெயர் மாற்றிய அப்பாவி கமிட் குற்றவாளியாக நிற்கும். ஒவ்வொரு படியிலும் பில்டுக்கு முன், வேண்டிய தேர்வுகள் இறுதி கான்ஃபிக்கில் இருக்கின்றனவா என்று க்ரெப் செய்து, இல்லையென்றால் அதற்கும் 125 திருப்புங்கள்.